டவர் ஃபுல்லா இருக்கு, குரல் ஏன் போகலை? ஒரு காப்புரிமைக் கேள்வி

போனில் எல்லாக் கோடும் நிறைந்திருக்கும். எதிர்முனையில் அக்கா பேசுவது கணீரென்று கேட்கும். ஆனால் அவரோ, ‘நீ பேசறது விட்டு விட்டுக் கேக்குது, கொஞ்சம் வெளியே வந்து பேசு’ என்பார். ‘இங்கே டவர் ஃபுல்லா இருக்கே’ என்று நாம் சொல்வோம். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

அந்தக் கோடுகள் காட்டுவது, டவரிலிருந்து உங்கள் போனுக்கு வந்து சேரும் அலையின் பலத்தை. உங்கள் போனிலிருந்து டவருக்குப் போகும் அலை என்ன கதியில் இருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. கீழே வருவதை டவுன்லிங்க் என்றும், மேலே போவதை அப்லிங்க் என்றும் சொல்கிறார்கள். டவர் பத்துக்கணக்கான வாட் சக்தியில் அனுப்பும். சாதாரண 4ஜி போன் அதிகபட்சமாக அனுப்புவது 0.2 வாட். ஒருவர் மைக் பிடித்துப் பேசுகிறார், இன்னொருவர் வெறும் தொண்டையில் பதில் சொல்கிறார். சுவர் குறுக்கே வந்தால் யார் குரல் முதலில் அடைபடும்?

இந்தப் பிரச்னைக்கு ஒரு பொறியியல் மாணவி தீர்வு யோசிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வருவதும் போவதும் ஒரே அலைவரிசையில்தான் இருக்க வேண்டுமா? வீடியோ, படம் எல்லாம் உயர்ந்த அலைவரிசையில் வேகமாக வரட்டும். சிக்னல் மங்கும்போது, போகும் பாதையை மட்டும் தாழ்ந்த அலைவரிசைக்கு மாற்றிவிடலாம். நல்ல யோசனை. வழிகாட்டும் பேராசிரியரும், ‘பேட்டன்ட் போட்டுடலாம்மா’ என்கிறார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்த விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தில் ஓர் ஆய்வாளரின் மேஜைக்குப் போனதும் என்ன நடக்கும் என்பதுதான் இந்த வாரம்.

நம் நாட்டில் இதற்கு நான்கு அலுவலகங்கள். சென்னை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. கொல்கத்தா, டெல்லி, மும்பையில் மற்றவை. ஆய்வாளர், ‘இது பயனுள்ளதா, புத்திசாலித்தனமானதா’ என்று மட்டும் பார்ப்பதில்லை. அவருடைய முதல் கேள்வி, ‘இதை இதற்கு முன் உலகத்தில் யாராவது, எங்காவது சொல்லியிருக்கிறார்களா?’ என்பது. இரண்டாவது கேள்வி, ‘அப்படியே சொல்லாவிட்டாலும், துறை தெரிந்த ஒருவருக்கு இது தானாகவே தோன்றியிருக்குமா?’ என்பது. 1970-ம் வருட காப்புரிமைச் சட்டத்தின் மொழியில் முன்னது புதுமை, பின்னது கண்டுபிடிப்புப் படி. இரண்டையும் தாண்ட வேண்டும்.

நம் மாணவியின் விண்ணப்பத்தில் முதல் உரிமைக்கோரல் இப்படி இருக்கிறது: ‘பலம் குறைந்த கருவி அனுப்புவதற்குத் தாழ்ந்த அலைவரிசையையும், பெறுவதற்கு உயர்ந்த அலைவரிசையையும் தேர்ந்தெடுக்கும் முறை.’

ஆய்வாளருக்கு இது ஐந்து நிமிட வேலை. அலைவரிசை இரண்டு மடங்கானால், அதே தூரத்தில், அதே வகை ஆன்டெனாவுக்குக் கிடைக்கும் சக்தி நான்கில் ஒரு பங்காகிவிடும். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அதனால்தான் ஜிஎஸ்எம் வந்தபோதே போன் பேசுவதற்கு 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் வரையும், டவர் பேசுவதற்கு 935 முதல் 960 வரையும் ஒதுக்கினார்கள். தாழ்ந்த பக்கம் போனுக்கு, உயர்ந்த பக்கம் டவருக்கு.

அதற்கும் முன்பே செயற்கைக்கோள் இருக்கிறது. 1962 ஜூலையில் அமெரிக்கா அனுப்பிய டெல்ஸ்டார், பூமியிலிருந்து 6,390 மெகாஹெர்ட்ஸில் வாங்கி, 4,170 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்பியது. இங்கே மேலே போவது உயர்ந்த அலைவரிசை, கீழே வருவது தாழ்ந்தது. போனுக்கு நேர் தலைகீழ் மாதிரி தெரியும். ஆனால் கணக்கு ஒன்றேதான். தரையில் இருக்கும் நிலையத்தில் பெரிய டிஷ் இருக்கிறது, வேண்டிய அளவு கரன்ட் இருக்கிறது. வானத்தில் இருப்பது சூரியத் தகடு தரும் சொற்ப மின்சாரத்தில் ஓடுகிறது. அங்கே செயற்கைக்கோள்தான் பலவீனமானது. அதனால் சுலபமான பாதை அதற்குப் போகிறது. கேபிள் ஆபரேட்டர் மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்து நிற்கும் பெரிய டிஷ் வாங்கிக்கொண்டிருப்பதும் இந்த 4,000 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலையைத்தான். ‘பலம் குறைந்தவருக்குத் தாழ்ந்த அலைவரிசை’ என்பது அறுபது வருடத்துக்கு முந்தைய ஞானம். முதல் கோரல் போச்சு.

இதைச் சொல்லும் கடிதத்துக்கு முதல் ஆய்வறிக்கை என்று பெயர். சுருக்கமாக எஃப்.இ.ஆர். என்பார்கள். அது வந்ததும் பல வீடுகளில் ‘ரிஜெக்ட் ஆயிடுச்சு’ என்று முகம் வாடிவிடுகிறது. தேவையில்லை. ஆய்வறிக்கையில் ஆட்சேபம் வருவது கல்யாணத்தில் ஜாதகம் கேட்பது மாதிரி, வழக்கமான ஒன்று. பதில் சொல்ல 6 மாதம் இருக்கிறது. கோரலைக் குறுக்கித் திருத்தலாம். ஆனால் முதலில் தாக்கல் செய்த விவரத்தில் இல்லாத எதையும் புதிதாக நுழைக்க முடியாது. அதனால்தான் விவரக்குறிப்பை எழுதும்போதே எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள்.

மாணவி திருத்துகிறாள். ‘போன், தனக்கு வரும் சிக்னலின் பலத்தை அளக்கும். அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், அனுப்புவதற்கு மட்டும் தாழ்ந்த அலைவரிசைக்கு மாறும்.’ முன்பைவிடத் துல்லியம். ஆனால் ஆய்வாளர் இப்போது எடுப்பது 3ஜிபிபி ஆவணங்களை. உலகம் முழுக்க செல்போன்களுக்கான தரநிலைகளை எழுதும் அமைப்பு அது. 5ஜியின் முதல் தரநிலைத் தொகுப்பான ரிலீஸ் 15 (2018-ல் முழுமையானது) ‘துணை அப்லிங்க்’ என்ற ஒன்றைச் சேர்த்தது. டவுன்லிங்க் 3,500 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும்போது, அப்லிங்க்கை 1,800 பக்கம் கொண்டுபோகலாம். எப்போது போகலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. வரும் சிக்னலை போன் அளக்கிறது, வரம்புக்குக் கீழே இருந்தால் துணைப் பாதையில் தொடர்புகொள்ளத் தொடங்குகிறது. மாணவி அந்த ஆவணத்தைப் பார்த்ததே இல்லை என்றாலும் சட்டத்துக்கு அது பொருட்டில்லை. யாரும் படிக்காத பக்கத்தில் இருந்தாலும் வெளியானது வெளியானதுதான்.

அப்படியானால் இந்தத் துறையில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. விஷயம் சுவாரஸ்யமாவதே இங்கேதான்.

1,750 மெகாஹெர்ட்ஸில் போன் அனுப்புகிறது என்று வையுங்கள். எந்த ரேடியோ கருவியும் தான் அனுப்பும் அலையோடு, அதன் இரு மடங்கு அலைவரிசையிலும் கொஞ்சம் கசியவிடும். வீணையில் ஒரு தந்தியை மீட்டினால் மேல் ஸ்தாயி ஸ்வரமும் மெல்ல ஒலிப்பது போல. 1,750-ன் இரு மடங்கு 3,500. சரியாக நமக்கு டவுன்லிங்க் வரும் இடம்! டவரிலிருந்து களைத்து வந்து சேரும் மெல்லிய அலை மீது, பக்கத்திலேயே இருக்கும் போன் தானே சத்தம் போடுகிறது. எதற்காக அலைவரிசையைப் பிரித்தோமோ அதுவே புதுத் தொல்லையாகிவிட்டது.

இந்தத் தொல்லையும் துறைக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒரு தொல்லை தெரிந்திருப்பது வேறு, அதை எப்படித் தீர்ப்பது என்பது வேறு. எந்த நேரத்தில் எந்தத் துண்டு அலைவரிசையைப் போனுக்குக் கொடுத்தால் கசிவு டவுன்லிங்க்கில் விழாமல் போகும், அதை டவர் முடிவு செய்வதா, போன் முடிவு செய்வதா, அதற்கு என்ன தகவலை யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதிலெல்லாம் இடம் இருக்கிறது. நிறுவனங்கள் வாங்கும் காப்புரிமைகளில் பல இப்படிச் சின்னச் சின்ன மூலைகளில்தான் இருக்கின்றன. ‘அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் முறை’ என்று தலைப்பு பிரம்மாண்டமாக இருக்கும். உள்ளே கோரலைப் படித்தால் ஒரு குறிப்பிட்ட செய்தி, ஒரு குறிப்பிட்ட சூழலில், ஒரு குறிப்பிட்ட வரிசையில் போவதற்கு மட்டும்தான் உரிமை இருக்கும்.

ஆய்வாளருக்கும் இங்கே ஒரு சோதனை உண்டு. போட்டு முடித்த கோலத்தைப் பார்த்து, ‘எந்தப் புள்ளியை எதோடு சேர்த்திருக்கிறார்கள், இது யாருக்கும் தெரியுமே’ என்று சொல்லிவிடலாம். வெறும் புள்ளிகள் மட்டும் இருந்தபோது தெரிந்திருக்குமா என்பதுதான் கேள்வி. பழைய ஆவணம் ஒன்றையும் இன்னொன்றையும் ஒட்டி, ‘இரண்டையும் சேர்த்தால் உன் கண்டுபிடிப்பு’ என்று சொல்வது சுலபம். ஏன் ஒருவர் அந்த இரண்டையும் சேர்க்க நினைத்திருப்பார் என்று காரணம் காட்டுவதுதான் கஷ்டம்.

எல்லோரும் ஒரு திசையில் போகும்போது ஒருவர் எதிர்த்திசையில் போய் வென்றால், அது சுலபமாகத் தோன்றியிருக்காது என்பதற்கு நல்ல சாட்சி. ஐரோப்பாவின் 800 மெகாஹெர்ட்ஸ் 4ஜியைப் பாருங்கள். அங்கே டவர் பேசுவது 791 முதல் 821 வரை, போன் பேசுவது 832 முதல் 862 வரை. வழக்கத்துக்கு மாறாக போனுக்கு மேல்பக்கம். காரணம், அதை ஒதுக்கியபோது 790-க்குக் கீழே தொலைக்காட்சி இருந்தது. வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்தில் போன் அடுத்தடுத்த அலைவரிசையில் அனுப்பினால் படம் கெடும். டவர் எங்கே இருக்கிறது என்பது தெரியும், அதைக் கட்டுப்படுத்தலாம். போன் எந்த சோபாவில் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ‘பலவீனருக்குத் தாழ்ந்தது’ என்ற விதியை உடைக்க இப்படி ஓர் உருப்படியான காரணம் விண்ணப்பத்தில் இருந்தால், ஆய்வாளர் நின்று படிப்பார்.

இந்தியாவில் இன்னொரு வேலியும் இருக்கிறது. சட்டத்தின் 3(கே) பிரிவு. கணித முறை, வணிக முறை, வெறும் கணினி நிரல், அல்காரிதம் ஆகியவற்றுக்குக் காப்புரிமை இல்லை. அலைவரிசையைத் தேர்ந்தெடுப்பது அடிப்படையில் ‘இது இவ்வளவுக்குக் கீழே போனால் அதைச் செய்’ என்ற முடிவுதானே? அல்காரிதம் என்று ஆய்வாளர் எழுதிவிடலாம். 2019 டிசம்பரில் ஃபெரீத் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப ரீதியான பலன் இருந்தால், நிரல் சார்ந்தது என்பதற்காக மட்டும் தள்ளிவிடக் கூடாது என்ற பொருளில் சொன்னது. ஆகவே பதிலில், ‘இதனால் பேட்டரி மிச்சமாகிறது, டவரின் எல்லை விரிகிறது’ என்று அளந்து காட்ட வேண்டும். சூத்திரத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது.

அலைவரிசை விஷயத்தில் ஆய்வு தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் மார்க்கோனிதான். அனுப்பும் பக்கத்திலும் வாங்கும் பக்கத்திலும் உள்ள சுற்றுகளை ஒரே அலைவரிசைக்கு இசைவிக்கும் முறைக்கு 1900 நவம்பர் 10 அன்று அமெரிக்காவில் விண்ணப்பித்தார். அங்கிருந்த ஆய்வாளர்கள், இதெல்லாம் முன்பே மற்றவர்கள் சொன்னது என்று திரும்பத் திரும்ப மறுத்தார்கள். பிறகு மனம் மாறி 1904 ஜூனில் கொடுத்துவிட்டார்கள். முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் முறையைப் பயன்படுத்தியதற்குப் பணம் கேட்டு மார்க்கோனி கம்பெனி வழக்குப் போட்டது. அது உச்ச நீதிமன்றம் வரை இழுத்து, 1943 ஜூன் 21 அன்று தீர்ப்பு வந்தது. அந்தக் காப்புரிமையின் முக்கியக் கோரல்கள் செல்லாது! ஜான் ஸ்டோன் ஸ்டோன் என்பவர் மார்க்கோனிக்கு ஒன்பது மாதம் முன்பே, 1900 பிப்ரவரியில், ஏறக்குறைய அதையே எழுதிக் கொடுத்திருந்தார். ஆலிவர் லாட்ஜும் நிகோலா டெஸ்லாவும் அதற்கும் முந்தியவர்கள்.

தீர்ப்பு வந்தபோது மார்க்கோனி இறந்து ஆறு வருடம். லாட்ஜ் 1940-ல் போய்விட்டார். டெஸ்லா அதே வருடம் ஜனவரியில், ஸ்டோன் மே மாதத்தில். காப்புரிமையின் ஆயுளும் எப்போதோ முடிந்திருந்தது. (‘ரேடியோவைக் கண்டுபிடித்தவர் டெஸ்லாதான் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது இந்தத் தீர்ப்பைத்தான். நீதிபதிகள் அப்படிச் சொல்லவில்லை. வானொலியை நடைமுறையில் சாதித்தவர் என்ற மார்க்கோனியின் பெயரில் அவர்கள் கை வைக்கவே இல்லை. இசைவிக்கும் இந்தக் காப்புரிமையைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.)

ஒன்பது மாதம் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே சிம்போசியத்தில் போஸ்டர் வைப்பது, யூடியூபில் டெமோ போடுவது, ஜர்னலில் கட்டுரை வெளியிடுவது எல்லாம் நடக்கிறது. ஆய்வாளர் அதையே எடுத்து, ‘ஏற்கெனவே வெளியானது’ என்று அவர்கள் மேலேயே திருப்பலாம். சட்டத்தில் சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் குறுகியவை. முதலில் தாக்கல், பிறகு கைதட்டல்.

இப்போது ஃப்ளெக்ஸ் பேனர் விஷயத்துக்கு வருவோம். ‘எங்கள் கல்லூரி மாணவிக்குப் பேட்டன்ட்’ என்று பேனர் வைக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் பல சமயம் அது ‘பப்ளிஷ்டு’ என்றுதான் இருக்கும். வெளியீடு என்பது, இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று வெள்ளிக்கிழமைதோறும் வரும் காப்புரிமை இதழில் அச்சாவது. சாதாரணமாக 18 மாதம் கழித்து வரும். தனிநபர் 2,500 ரூபாய் கட்டினால் ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். அதை யாரும் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்ததாக அர்த்தமில்லை. ஆய்வு என்பது தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கட்டினால்தான் தொடங்கும். தனிநபருக்கு 4,000 ரூபாய். 2024 மார்ச் 15 முதல் போடப்பட்ட விண்ணப்பங்களுக்கு, முதல் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கணக்கு. பேனர் கிழிந்து மழையில் நனைந்த பிறகு, விண்ணப்பம் இப்படிச் சத்தமில்லாமல் செத்துப்போவதுண்டு. கல்லூரிக்கு எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கும். பிள்ளைக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. என் பார்வையில் இது பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் செய்யும் அநியாயம்.

காப்புரிமை கிடைத்துவிட்டால் அதன் பலம் சாதாரணமானதல்ல. தாக்கல் செய்த தேதியிலிருந்து 20 வருடம். அது ஒரு தரநிலைக்குள் புகுந்துவிட்டால் எந்த போன் கம்பெனியும் அதைத் தவிர்க்க முடியாது. எரிக்சன், லாவா வழக்கில் 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, லாவா சுமார் 244 கோடி ரூபாய் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தார். குரலைச் சுருக்கி அனுப்புவது போன்ற தொழில்நுட்பங்கள் அவை. வழக்கிலிருந்த 8 காப்புரிமைகளில் 7 செல்லும், 1 செல்லாது என்றார். செல்லாததையும் ஒருகாலத்தில் ஓர் ஆய்வாளர் சரி என்று கையெழுத்திட்டிருந்தார் என்பதை நினைவில் வையுங்கள். கம்பெனிகள் கட்டும் இந்த ராயல்டியெல்லாம் கடைசியில் நாம் வாங்கும் போனின் விலைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

அதனால் ஆய்வு ஆய்வாளரோடு முடிந்துவிடக் கூடாது என்று சட்டமே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 25(1) பிரிவின்படி, வெளியான விண்ணப்பத்துக்குக் காப்புரிமை தருவதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். போட்டிக் கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. பேராசிரியர், மாணவர், ஓய்வுபெற்ற தொலைபேசித் துறைப் பொறியாளர், யாரும். ‘இது 1962-லேயே இருக்கிறது’ என்று காட்டும் ஆவணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பு இலவசம். 2024 விதிகளுக்குப் பிறகு இதற்கும் கட்டணம் வந்துவிட்டது, எதிர்ப்பு ஏற்கத்தக்கதா என்று முதலில் பார்க்கவும் செய்கிறார்கள். சாமானியருக்குத் திறந்திருந்த கதவில் இப்படிக் கட்டணம் வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்கள் வீட்டில் யாருடைய பெயரிலாவது விண்ணப்பம் இருந்தால், அதன் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில், விண்ணப்ப நிலை அறியும் பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் போதும், காசு கிடையாது. ஆய்வுக்குக் கேட்டிருக்கிறார்களா, கேட்ட தேதி என்ன, ஆய்வறிக்கை வந்துவிட்டதா, வந்திருந்தால் பதில் போட்டாயிற்றா என்று பாருங்கள். ஆய்வறிக்கை வந்த தேதியிலிருந்து ஐந்து மாதம் தாண்டியிருந்தால் அன்றைக்கே கல்லூரிக்குப் போன் போடுங்கள். ஆறாவது மாத முடிவுக்குள் பதிலோ, அவகாசம் கேட்டு மனுவோ போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.